டாக்டர் ஜேக்கப் சாண்டி

குழந்தைக்கு வலிப்புக் கண்டால் அதன் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலும், பனியன் தொழிலால் பெருகித் திருப்பூரோடு ஒன்றாகிவிட்ட ஊர்களிலும் இவ்வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. வலிப்புப் பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே அடங்கிவிடும். அடங்கவே சாவிக்குப் பெயர் வந்துவிடும். ஆனால் கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சில மாதங்களிலோ மூளையிற் காயமுற்று, ஒருபுறத்துக் கையும் காலும் விளங்காமற்போய், அதனோடு வலிப்பும் சேர்ந்துகொண்ட குழந்தையின் நிலை வேறு. நாளொன்றுக்குப் பன்முறை விழுந்தெழும் அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் கோயில் கோயிலாக அலைவர். மந்திரிப்பார் வீட்டு வாயிலில் காத்திருப்பர். ஈற்றில் மனமுடைந்து அதனை வீட்டின் ஒரு மூலையில் இருத்திவிடுவர். பாதி மூளை கெட்டது, ஆகவே பாதி மனிதன் என்பது ஊரார் போடும் கணக்கு. இக்கணக்கைத் திருத்தும் வேலையைச் சஸ்திர சிகிச்சையின் வாயிலாக நம் நாட்டில் தொடங்கிவைத்தவர் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆவர். அன்னாருடைய சரித்திரத்தை ஈண்டு ஒருவாறு வரைவோம்.

ஜேக்கப் சாண்டி 1910ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23ஆம் நாள், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த கோட்டயத்தில், பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். வைத்தியக் கல்வி பயின்றது சென்னை வைத்தியக் கலாசாலையில். பட்டம் பெற்றவர் பலரும் அரசாங்க உத்தியோகத்தையோ சொந்த வைத்தியத் தொழிலையோ நாடிய அந்நாளில், இவர் கடல் கடந்து பாரசீக வளைகுடாவிலுள்ள பஹ்ரெயின் தீவிற்குச் சென்று, அங்கிருந்த அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் புரியலானார். அவ்விடத்தில் தலைமை வகித்த டாக்டர் பால் ஹாரிசன் என்பார், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில் சஸ்திர வைத்தியம் கற்றும், பொருளும் புகழும் வேண்டாது அரபு நாட்டுப் பாலைவனத்திலே வாழ்நாளைச் செலவிட்ட பெரியார். குருவின் நல்லாசி எவ்வளவு தூரம் ஒருவனைக் கொண்டுசெல்லும் என்பதற்குச் சாண்டியின் வாழ்வு ஒரு சான்று. ஹாரிசன் துணைபுரிய, உலகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இவர் அமெரிக்கா சேர்ந்து பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் மேற்படிப்பைத் தொடங்கினார். பின்னர் கனடா தேசத்து மான்ட்ரியால் நகரையடைந்தார். அங்குத்தான் அவருடைய வாழ்க்கைக்கு ஒரு திசை ஏற்பட்டது.

மான்ட்ரியாலில் 1934ஆம் ஆண்டு முதல் ஒரு நரம்பியல் நிலையம் நடந்துவந்தது. அதனை நிறுவியவர் வைல்டர் பென்பீல்ட். மூளையைத் தொட்டு வைத்தியம் செய்வோருள் அக்காலத்தில் அவரையொத்தார் சிலரே. வலிப்பு நோயாளிகளை மயக்கத்தில் ஆழ்த்தாமல், தலையின் மேற்றோலை மாத்திரம் உணர்விழக்கச் செய்து, விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறப்பது பென்பீல்டின் முறை. கேட்போர்க்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் மூளை தன்னளவில் நோவு அறியாதது. உடம்பில் எங்கு முள் குத்தினாலும் அறிவிக்கும் அவ்வுறுப்புத் தன்னைத் தொட்டால் அறிவதில்லை. ஆகவே அவர் மெல்லிய மின்சாரத்தை மூளையின் மேற்பரப்பில் இங்குமங்கும் செலுத்துவார். ஓரிடத்தில் விரல் அசையும். மற்றோரிடத்தில் நாவு மரத்ததுபோலிருப்பதாக நோயாளி சொல்வார். இன்னோரிடத்தில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென நின்றுவிடுவார். அவ்வவ்விடத்தில் இலக்கமிட்ட சிறு காகிதத் துண்டை வைத்து, எந்தப் பகுதி எத்தொழிலைச் செய்கிறதென்று படம் வரைந்துகொண்டு, வேண்டாததை மாத்திரம் அகற்றி, வேண்டியதைக் காப்பாற்றுவர். நோயாளியே வழிகாட்டியாய் நிற்க வைத்தியர் பின்செல்லும் இம்முறையைச் சாண்டி அவரிடம் கற்றார். அதன் பிறகு சிக்காகோ நகரில், பென்பீல்டின் மாணாக்கரும் பிற்காலத்தில் அவருக்குப்பின் அந்நிலையத்தை நடத்தியவருமான தியோடர் ராஸ்முஸனிடம் பணிபுரிந்தார்.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் அவருக்கு ஒரு குறையும் இருந்திராது. இந்தியாவிலோ, நரம்புச் சஸ்திர சிகிச்சையில் முறையாகப் பயின்றவர் ஒருவரும் அன்று இல்லை. அதற்கெனத் தனித் துறை அமைந்த ஆஸ்பத்திரியும் இல்லை. அச்சமயத்தில் வேலூர்க் கலாசாலைக்குத் தலைவராயிருந்தவர் குஷ்டரோக நிபுணர் ராபர்ட் காக்ரேன். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை, 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாய் வளர்ந்து, 1947இல் ஆண்களையும் மாணவராய்ச் சேர்த்துக்கொண்ட காலம் அது. புதிய துறைகளுக்கு ஆள் தேடிய காக்ரேன் சாண்டியை அழைத்தார். 1949இல் சாண்டி வேலூர் வந்து சேர்ந்தார். இந்தியாவில் நரம்புச் சஸ்திர சிகிச்சைக்கென ஏற்பட்ட முதல் துறை இவ்வாறு ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தோன்றிற்று. மறு ஆண்டில் டாக்டர் பி. இராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அப்பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் டாக்டர் எஸ். டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அதற்கு முதல் தலைவர் சாண்டியே.

நிற்க, 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அன்றுதான் வலிப்பைப் போக்கும் பொருட்டு இந்தியாவில் முதன்முதலாக மூளையில் சஸ்திர சிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் சாண்டி, இடம் வேலூர். நோயாளி பத்தொன்பது வயது இளைஞர். சிசுப்பருவத்திலேயே வலப்புறம் வாதத்தால் விழுந்தவர்; மருந்துக்கு அடங்காத வலிப்பினால் வருந்தியவர்.

வலப்புறம் விழுந்தது என்றவுடனே வைத்தியர் இடப்புற மூளையை எண்ணுவர். உடம்பின் வலப்பாகத்தை இட மூளையும், இடப்பாகத்தை வல மூளையும் ஆளுதல் இயற்கையின் அமைப்பு. ஆனால் இட மூளையில் வேறொரு செல்வமும் உண்டு. 1861இல் பாரிஸ் நகரத்துப் புரோக்கா என்னும் வைத்தியர், பேச்சிழந்த ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, இட மூளையின் முற்பகுதியில் ஓரிடம் பழுதுற்றிருக்கக் கண்டார். வேறு பலரையும் கண்டபின், மனிதரிற் பெரும்பாலோர்க்குப் பேச்சு இட மூளையைச் சார்ந்தது என்று துணிந்தார். நம்மவரில் வயது வந்தோர்க்கு வலப்பக்கவாதம் வந்தால் வாயும் குழறிப்போவதை யாவரும் கண்டிருப்பர், காரணம் இதுவே. அங்ஙனமாயின், சிசுவாயிருக்கையிலேயே இட மூளை கெட்டவர் ஒருநாளும் பேசியிருக்கலாகாதன்றோ? ஆயினும் அவர்கள் பேசுகிறார்கள். 1868ஆம் ஆண்டிலேயே கோத்தார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இவ்விந்தையைக் குறித்து வைத்தார். இட மூளை இளமையிலேயே சுருங்கிப்போனவர்களும் பேச்சில் ஊமையராகவில்லை என்பது அவர் கண்டது. இதன் பொருள் ஒன்றுதான். பேச்சு குடியேறுவதற்கு முன்னரே வீடு இடிந்துபோகவே, அது எதிர்வீட்டில் குடியேறிற்று.

நம் திருப்பூர்ப் பக்கத்தார்க்கு இதனை அவர்கள் தொழிலைக்கொண்டே விளக்கலாம். பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் வட்டமாய் நிற்கின்றன. அவற்றுள் ஓர் ஊசி முறிந்தால், அக்கணம் முதல் இறங்கும் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழும். ஊசியை மாற்றும்வரை அக்கோடு தொடரும். பக்கத்து ஊசி அதன் வேலையை ஏற்பதில்லை. முதியவருக்கு நேரும் மூளைக் காயம் ஏறக்குறைய இத்தன்மைத்து என்னலாம். சிசுவின் மூளையோ, துணி இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஊசிகளையும் நாட்டிக்கொள்ளும் விசித்திர இயந்திரம். பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் நிறையுள்ளது; வளர்ந்தவருடையது ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம். முதல் இரண்டாண்டுகளிலேயே இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. அக்காலத்தில் நரம்பணுக்கள் தமக்குள் வேண்டியதைவிட மிகுதியான இணைப்புக்களை உண்டாக்கிக்கொள்கின்றன. பிறகு பழக்கத்தில் வந்தவை நிலைக்க, வாராதவை உதிர்கின்றன. ஒரு பகுதி கெட்டால், உதிரவேண்டிய இணைப்புக்கள் உதிராது நின்று அவ்வேலையை மேற்கொள்வதும் உண்டு. வயது ஏற ஏற இவ்வுபரி குறைந்துகொண்டே வரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இளமைக் காயமெல்லாம் தானே ஆறிவிடும் என்று சொல்வார் சொல்லை நம்பலாகாது. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் என்னும் அம்மையார், குட்டிக் குரங்குகளின் மூளையிற் செய்த சோதனைகளால், இளமையில் நேர்ந்த காயத்துக்கு முதிர்ச்சியில் நேர்ந்ததைவிடத் தீங்கு குறைவு என்று கண்டார். அது பலர் வாயிலும் புகுந்து ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. அம்மையாரோ அதற்கு வரம்புகளும் உண்டென்று அறிந்திருந்தார். காயம் இருபுறமும் பரவியதாயின், இளமை உதவுவதில்லை; வளர வேண்டியது வளராமலே நின்றுவிடும். ஒருபுறக் காயத்திலும், விரல்களின் நுண்ணிய அசைவு எதிர்ப்புறத்திற்கு நன்கு மாறுவதில்லை. நடை வரும், பேச்சு வரும், பொத்தான் மாட்ட வாராது. மேலும் பேச்சு வல மூளையிற் குடியேறினால், அங்கே இயல்பாக இருக்கவேண்டிய ஆற்றல்களுக்கு, அதாவது இடமும் உருவமும் திசையும் அறியும் திறமைகளுக்கு, நெருக்கடி ஏற்படுவதுண்டு. ஒரே அறையில் இரண்டு குடித்தனம் நடப்பதுபோலத்தான். எல்லார்க்கும் பேச்சு மாறுவதும் இல்லை; காயம் பேச்சுக்குரிய இடங்களைத் தொட்டதா, எந்த வயதில் தொட்டது என்பனவற்றைப் பொறுத்தது அது.

ஆகவே சாண்டியைப் போன்ற வைத்தியருக்கு எதிரே இருந்த கேள்வி எளிதன்று. காயம்பட்ட மூளை வெறும் பாழ்நிலமாகக் கிடந்தாற் கவலையில்லை. அதுவோ ஓயாது மின்பொறிகளை எழுப்பி, நலமாயுள்ள மறுபாதியையும் கலக்கிக்கொண்டிருக்கும். வலிப்பு வரும்போது மாத்திரமன்றி, வாராத வேளையிலும் இக்கலக்கம் படிப்பையும் குணத்தையும் கெடுக்கும். கெட்ட பகுதியை அகற்றினால் நல்ல பகுதி நிம்மதியாய்த் தன் தொழிலைச் செய்யும். ஆயினும், கெட்டதென்று நாம் கருதும் பகுதியிலேயே பேச்சு இன்னும் தங்கியிருந்தால்? அகற்றினால் அவ்விளைஞர் ஊமையாவார். அகற்றாவிட்டால் வலிப்புத் தொடரும். ஒவ்வொரு நோயாளியின் மூளையும் தனக்கென ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. அவ்வேற்பாட்டை முதலில் அறிந்துகொண்டு பிறகே கத்தி எடுத்தல் வேண்டும். மான்ட்ரியாலில் சாண்டி கற்ற கல்வியின் சாரம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. எலும்பு முறிவுக்கு எல்லார்க்கும் ஒரே கட்டுப் போடலாம். இதற்கு அவ்வாறு ஒரே விதி செல்லாது.

உலகத்தின் பிற பாகங்களிலும் அக்காலத்தில் இம்முயற்சி புதிதே. 1950ஆம் ஆண்டில்தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிரைனாவ் என்னும் சஸ்திர வைத்தியர், சிசுப்பருவ வாதமும் வலிப்பும் உடைய பன்னிருவரின் கெட்ட பாதி மூளையை அகற்றி, அதனால் அவர்கள் பேச்சிழக்காமல் நலம்பெற்ற செய்தியை வெளியிட்டார். வைத்திய உலகம் திகைத்தது. அதற்கு இரண்டாண்டு கழித்து வேலூரில் இந்தியாவின் முதல் வலிப்புச் சஸ்திர சிகிச்சை நடந்தது என்றால், உலகத்தின் முன்னணிக்கும் வேலூருக்கும் இருந்த இடைவெளி எவ்வளவு சிறிதென்பது விளங்கும். கிரைனாவின் முறையில் ஒரு குறை இருந்ததும் பின்னாளில் வெளியாயிற்று. பாதி மூளையை எடுத்த வெற்றிடத்தில் பல ஆண்டுகளுக்குப்பின் இரத்தம் கசிந்து சிலர்க்கு ஆபத்து விளைந்தது. அதற்கு மாற்று வகுத்தவர் சாண்டியின் சிக்காகோ ஆசிரியராகிய ராஸ்முஸனே. பாதி மூளையின் ஒரு பங்கை அகற்றி, மிச்சத்தை அதனிடத்திலேயே இரத்தவோட்டத்தோடு விட்டுவைத்து, மறுபாதியோடுள்ள தொடர்பை மாத்திரம் அறுத்துவிடுவது அவர் முறை. இன்று நடைபெறும் சிகிச்சைகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவை. இளங்குழந்தைகளுக்கு இதனைக் காலந்தாழ்த்தாது செய்தால், பேச்சு எதிர்ப்பக்கம் குடியேற இடம் கிடைக்கும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

அதே காலத்தில் அதே வேலூரில் நடந்த மற்றொன்றையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. டாக்டர் பால் பிராண்ட் என்பார், குஷ்டத்தால் மடங்கிப்போன கைகளில், வேறு வேலைக்கிருந்த தசைநாணை எடுத்துச் செயலிழந்த தசையின் இடத்தில் பொருத்தி விரல்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நாணை இடம் மாற்றிக் கட்டுவது கத்தியின் வேலை. பழைய நாணைக்கொண்டு புதிய அசைவைச் செய்யப் பழகுவதோ நோயாளியின் மூளை வேலை. வளர்ந்தவர்களின் மூளைக்கும் பழகும் தன்மை அறவே இல்லாமற்போகவில்லை என்பதற்கு அவ்விரல்கள் சாட்சி. சாண்டி மூளைக்குள்ளே கண்டதைப் பிராண்ட் உள்ளங்கையில் கண்டார் எனலாம்.

சாண்டி நரம்பியலையும் நரம்புச் சஸ்திர சிகிச்சையையும் இரண்டாகப் பிரிக்காமல் ஒரே துறையாக நடத்தினார். மருந்து கொடுப்பவரும் கத்தி எடுப்பவரும் ஒரே நோயாளியைச் சுற்றி நின்று ஆராயவேண்டும் என்பது அவர் கொள்கை. அத்துறையிலேயே 1950களின் இறுதியில் நரம்புச் சஸ்திர வைத்தியர்களை உருவாக்கும் மேற்படிப்பும் தொடங்கப்பெற்றது; அதற்குமுன் இக்கல்வியை நாடியவர் கப்பலேற வேண்டியிருந்தது. 1964இல் இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருது அளித்தது. 1970இல் வேலூரை விட்டு ஓய்வு பெற்றார். தம் நினைவுகளை ஒரு நூலாகவும் எழுதினார். அதில் தம்மைவிடக் கலாசாலையின் வளர்ச்சியையே மிகுதியாய்ப் பேசுகிறார். அடக்கமுடையார் எழுதும் சுயசரிதங்களுக்குள்ள குறை இது. படிப்பவர்க்கு ஆளைப் பார்க்க முடிவதில்லை.

அவருடைய ஆசிரியர் பென்பீல்டைப் பற்றி இன்னும் ஒன்று. முதுமையில் அவர் பிள்ளைகளின் மொழிக்கல்வியைப் பற்றி மிகவும் சிந்தித்தார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தை இரண்டு மூன்று பாஷைகளைச் சிரமமின்றிக் கைக்கொள்ளும், அப்பருவம் கடந்தால் அவ்வெளிமை குன்றிவிடும் என்று 1959இல் தாம் மற்றொருவரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். காயம்பட்ட சிசு எதிர்ப்புற மூளையிற் பேச்சை அமைத்துக்கொள்வதும், நலமான சிசு அயல்மொழியை விளையாட்டாய்க் கற்பதும் ஒரே இளக்கத்தின் இரண்டு தோற்றங்கள். இதைக் காண நாம் மான்ட்ரியால் செல்ல வேண்டியதில்லை. ஒரிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் பனியன் கம்பெனிகளுக்கு வந்துள்ள தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்றாற் போதும். தகப்பனார் கடைத்தெருவில் விலை கேட்கத் திண்டாடுவார். பக்கத்தில் நிற்கும் ஆறு வயதுச் சிறுமி கொங்குத் தமிழிலே பேரம் பேசி முடித்துவிடுவாள்.

ஆனால் அச்சிறுமியின் தெருவிலேயே, பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் ஒரு கை விளங்காத மற்றொரு குழந்தையும் இருக்கக்கூடும். அக்குழந்தை ஆறேழு மாதத்திலேயே எப்பொருளையும் ஒரே கையால் எடுக்கும். மற்றக் கை மூடியே இருக்கும். இவ்வளவு இளம்பருவத்தில் ஒரு கையை மாத்திரம் விரும்புதல் இயல்பன்று. அதனைத் தாய்மார் சாமர்த்தியமென்று எண்ணி மகிழ்ந்துவிடுகிறார்கள். அறிந்தவர் கண்ணிற் பட்டால், அடங்கிய கையைப் பழக்குவதற்குரிய பயிற்சியை அப்போதே தொடங்கலாம்; நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டுக் கட்டி, மெலிந்த கையை விளையாட வைப்பதும் அவற்றுள் ஒன்று. வலிப்புக்கு மருந்தும் உண்டு. மருந்துக்கு அடங்காததற்கு வேலூரிலும் வேறு சில இடங்களிலும் சஸ்திர சிகிச்சையும் உண்டு. 1949இல் ஒருவரும் இல்லாதிருந்த துறையில் இப்போது ஒவ்வொரு பெருநகரிலும் வைத்தியர் இருக்கின்றனர். குழந்தைதான் அவர்களிடம் பல சமயங்களில் ஐந்தாறு ஆண்டு தாமதித்து வந்து சேர்கிறது.

டாக்டர் ஜேக்கப் சாண்டி 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் நாள் தமது தொண்ணூற்றேழாம் வயதில் காலஞ்சென்றார்.